பட்டாளத் தாத்தா எந்த ரெஜிமென்ட்? பழைய படத்தைப் படிக்க உதவும் கருவிகளும் தளங்களும்: ஒரு மதிப்பீடு

கூடத்துச் சுவரில் தொங்கும் பட்டாளப் படத்தில் நிற்பவர் எந்தப் பிரிவு, என்ன பதவி, எந்தச் சண்டைக்குப் போனவர் என்று தெரிந்துகொள்ள இன்று ஏகப்பட்ட கடை விரித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையை வண்ணமாக்கும் ஆப், மங்கலைத் துலக்கும் ஏ.ஐ., கூகுள் லென்ஸ், லண்டன் அருங்காட்சியகங்களின் தளங்கள், போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியல், ஒரு படத்துக்கு இவ்வளவு பவுண்டு என்று கட்டணம் வாங்கும் சீருடை நிபுணர்கள். இவற்றில் எது உதவும், எது ஆளை ஏய்க்கும் என்று பார்ப்போம். தமிழ் வீடுகளில் அதிகம் கிடைப்பவை 1914-க்கும் 1947-க்கும் இடைப்பட்ட பிரிட்டிஷ் இந்திய ராணுவப் படங்கள். அதனால் இந்த மதிப்பீடும் அவற்றைப் பற்றியதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காசு போடத் தகுந்தது ஒன்றே ஒன்று, நல்ல ஸ்கேன். மற்றவற்றில் உருப்படியானவை எல்லாம் இலவசம். வண்ணமாக்கும் ஆப்புகளை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

ஸ்கேனர்: 300 டிபிஐ ஏன் போதாது

கடைக்காரரிடம் கொடுத்தால் பெரும்பாலும் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டுத் தருவார். பிரின்ட் போட அது போதும், எழுத்தைப் படிக்கப் போதாது. கணக்கு இதுதான். அந்தக் கால ஸ்டூடியோக்களின் கேபினட் அட்டை ஏறக்குறைய 11 செ.மீ. அகலம், 16.5 செ.மீ. உயரம். அதில் முழு உருவமாக நிற்கும் ஆள் 12 செ.மீ. இருப்பார். நிஜத்தில் அவர் 165 செ.மீ. என்றால் படம் அவரைப் பதினான்கில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறது. தோளில் இருக்கும் பித்தளை எழுத்து நிஜத்தில் 9 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் படத்தில் அது 0.65 மி.மீ. இதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஓர் எழுத்துக்கு ஏழெட்டுப் பிக்சல்தான் கிடைக்கும். சி, ஜி, ஓ, கியூ எல்லாம் ஒரே உருண்டையாகத் தெரியும். 600-இல் 15 பிக்சல். 1200-இல் 30 பிக்சல், அப்போதுதான் கியூவின் வால் தெரியும். அதற்கு மேலே போனால் கிடைப்பது தாளின் நார்தான், படத்தின் விவரம் அல்ல.

ஆகவே 1200 டிபிஐ, கலர் மோடு, விவரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. 10×15 செ.மீ. படத்துக்குக் கோப்பு 100 எம்.பி.யைத் தாண்டும், தாண்டட்டும். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலரில் ஸ்கேன் செய்வதற்குக் காரணம் உண்டு. மஞ்சள் கறையும் பழுப்பேறிய இடமும் நீலச் சேனலில் இருட்டாக விழும், சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். ஏதாவது ஓர் எடிட்டரில் சிவப்புச் சேனலை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தால் கறைக்கு அடியில் இருக்கும் பட்டன் தெரியும். ஸ்கேனர் மென்பொருளில் 'ஷார்ப்பன்', 'தூசி நீக்கு' என்று இருப்பதை எல்லாம் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கும் வேலைக்குத் தோள் நட்சத்திரமும் தூசிதான்.

எந்த ஸ்கேனர்? கேனன் லைட் 300, லைட் 400 போன்ற மெல்லிய மாடல்கள் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் படிக்கும் சிஐஎஸ் சென்சார் கொண்டவை. கண்ணாடியோடு ஒட்டிப் படிந்த படத்தை அருமையாக எடுக்கும். ஆனால் அவற்றின் குவிய ஆழம் மிகக் குறைவு. படம் ஒட்டிய அட்டை நடுவில் வளைந்து இரண்டு மி.மீ. தூக்கினாலும் அந்த இடம் மங்கிவிடும். பழைய அட்டைகள் வளைவதே நடுவில்தான், நமக்கு வேண்டிய நெஞ்சும் தோளும் இருப்பதும் அங்கேதான். எப்சன் பர்ஃபெக்‌ஷன் வி600 போன்ற, லென்ஸ் வழியாகப் படிக்கும் சிசிடி மாடல்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஒரே ஒரு படத்துக்காக அதை வாங்குவது வீண். டிஜிட்டல் லேப்பில் 'சிசிடி ஸ்கேனரா, 1200-இல் டிஃப் ஆகத் தருவீர்களா' என்று கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அட்டை தட்டையாக இருந்தால் லைட் 300 தாராளம். வளைந்த அட்டையை அமுக்கி நிமிர்த்தக் கூடாது, விரிசல் முகத்தின் குறுக்கே ஓடும்.

ஸ்கேனருக்கு வராத படங்களும் உண்டு. சட்டம் போட்டுப் பல வருடம் மாட்டி வைத்தால், நம் ஊர் ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். உரிக்காதீர்கள். வெளிப்புறக் கண்ணாடியில் இருக்கும் சந்தனம் குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே கேமராவில் எடுக்கலாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் 45 டிகிரியில் விழ வேண்டும். கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் போர்வையைப் பிடித்தால் பிரதிபலிப்பு போய்விடும். இருண்ட பகுதிகளில் நீலப் பளபளப்பாக வெள்ளிப் பூத்த படங்களுக்கும் இதே வழிதான். ஸ்கேனர் விளக்கில் அவை கண்ணாடி போல மின்னும்.

எடுத்த கோப்பை உறவினருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், 1200 டிபிஐக்குப் பட்ட பாடெல்லாம் வீண்.

மதிப்பெண்: சிசிடி ஸ்கேன் 5-க்கு 5. மெல்லிய சிஐஎஸ், தட்டையான படத்துக்கு 4, வளைந்த அட்டைக்கு 2.

வண்ணம் பூசும் ஆப், துலக்கும் ஏ.ஐ.

இவற்றின் பிரச்சினை ஆப் நல்லதா மோசமா என்பதில் இல்லை, வேலையிலேயே இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் பற்றிய தகவலே கிடையாது. ஆப் ஊகிக்கிறது. பட்டாளம் என்றால் காக்கி, தலைப்பாகை என்றால் பழுப்பு. சிவப்புக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் ஒரே காக்கியில் முக்கி எடுத்துத் தரும். நம் ஊர் ஸ்டூடியோ பெயின்டர்களும் படத்தைப் பெரிதாக்கும்போது இதே வேலையைத்தான் தூரிகையால் செய்தார்கள். வீட்டில் இருப்பது அப்படிக் கலர் தீட்டிய படம் என்றால் அதிலுள்ள நிறத்தையும் நம்ப வேண்டாம். ரிப்பனில் இல்லாத கோட்டைப் போட்டிருப்பார்கள், சில இடங்களில் மெடலையே வரைந்திருப்பார்கள். பூதக்கண்ணாடியில் தூரிகைத் தடம் தெரியும்.

பழைய படத்தில் இன்னொரு கண்ணி உண்டு. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் சரியாகத் தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். படத்தில் பக்கத்தில் இருக்கும் மனைவியின் பொட்டும் உதடும் மை தீட்டியது போலக் கறுத்திருந்தால் அது ஆர்த்தோ என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட படத்தில் கறுப்பாகத் தெரியும் கோட்டு நிஜத்தில் சிவப்பாக இருந்திருக்கலாம். இது வண்ணம் பூசும் ஆப்புக்குத் தெரியாது.

துலக்கும் ஏ.ஐ. இன்னும் ஆபத்து. ஏழு பிக்சல் உருண்டையைக் கொடுத்தால் அது அழகான, கூர்மையான, தவறான எழுத்தைத் தரும். பட்டனில் இல்லாத கிரீடம் முளைக்கும். முகத்தைத் துலக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள், அடையாளம் காணும் வேலைக்கு அசல் ஸ்கேன் மட்டும். 5-க்கு 0.

தளங்களுக்குப் போகுமுன் படத்தில் பார்க்க வேண்டியவை

முதலில் படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படியும். மெடல் ரிப்பன் இட மார்பில் இருக்கும். இரண்டும் மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரின்ட் எடுத்திருக்கிறார்கள், எழுத்துகளும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித்தான் தெரியும். பட்டன் சரியாக இருந்து ரிப்பன் மட்டும் வல மார்பில் இருந்தால் அவர் இறந்துபோன உறவினரின் மெடலை அணிந்திருக்கிறார். அப்போது மெடல் சொல்லும் கதை அவருடையது அல்ல.

அடுத்து கிரீடம். பட்டனிலோ தொப்பிச் சின்னத்திலோ கிரீடத்தின் வளைவுகள் நடுவில் குழிந்திருந்தால் விக்டோரியா காலம், 1901 வரை. குவிந்து உருண்டிருந்தால் அதற்குப் பின், 1952 வரை. 1950 ஜனவரி 26 முதல் இந்தியாவில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. இலங்கையில் குடியரசான 1972 வரை கிரீடம் நீடித்தது, எலிசபெத் காலத்தில் மீண்டும் குழிந்த வடிவில். யாழ்ப்பாணத்து வீட்டுப் படத்துக்கும் மதுரை வீட்டுப் படத்துக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள்.

பிறகு தோள் எழுத்துகள். தேதி சொல்வதில் இவற்றை மிஞ்ச ஆள் இல்லை. ஐ.ஏ.எஸ்.சி. (இந்திய ராணுவத்தின் சரக்கு, போக்குவரத்துப் பிரிவு) 1923-இல் வந்தது, 1935-இல் அதற்கு முன்னால் 'ராயல்' என்பதன் 'ஆர்' சேர்ந்து ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. ஆனது. மருத்துவப் பிரிவான ஐ.ஏ.எம்.சி.யும் இயந்திரப் பொறியாளர் பிரிவான ஐ.இ.எம்.இ.யும் 1943-இல் பிறந்தவை. கடற்படையின் ஆர்.ஐ.என். என்றால் 1934-க்குப் பின். விமானப்படையின் ஆர்.ஐ.ஏ.எஃப். என்றால் 1945-க்குப் பின். 'ஆர்.ஏ.எஸ்.சி.' என்று படித்துவிட்டு 'வெள்ளைக்காரப் படையில் இருந்திருக்கிறார்' என்று குதிக்கும் முன், சட்டை மடிப்பில் ஓர் 'ஐ' ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை ஒளிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் வீடுகளில் அடிக்கடி வருவது மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படை. 1780-இல் சென்னைக் கோட்டையில் எழுப்பிய இரண்டு பயனியர் (பாதை அமைக்கும்) கம்பெனிகளில் தொடங்கி, பெங்களூரில் நிலைத்து, 'தம்பிகள்' என்று பெயர் வாங்கிய படை. 'கியூ.வி.ஓ.' (குயின் விக்டோரியாஸ் ஓன்) எழுத்துகளோடு எஸ், எம் (சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) இருந்தால் இவர்கள்தான், படமும் 1911-க்குப் பிந்தியது. 'கே.ஜி.ஓ.' (கிங் ஜார்ஜஸ் ஓன்) என்று இருந்தால் கொஞ்சம் நிதானம். கூடவே எஸ், எம் இருந்தால் அது பெங்கால் சாப்பர்ஸ். பயனியர்ஸ் என்று இருந்தால் 61-ஆம் பயனியர்ஸ், அது மெட்ராஸ் படை. எண்ணும் 'பி'யும் மட்டும் தெரிந்தால், 'பி' பயனியர்ஸாகவும் இருக்கலாம், பஞ்சாபிஸாகவும் இருக்கலாம் என்பதால் எண்ணை நூறு தடவை பாருங்கள். 61, 64, 81 மெட்ராஸ் பயனியர்கள், இந்தப் படை 1933-இல் கலைந்தது. 62, 66, 67 பழைய மெட்ராஸ் படையின் எண்கள்தான், ஆனால் 1903-க்குப் பிறகு பஞ்சாபிப் படைகள். ஒரு புள்ளி மங்கினால் பாட்டனார் திருச்சியிலிருந்து ஜீலத்துக்குப் போய்விடுவார். 63 என்றால் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய லைட் இன்ஃபன்ட்ரி காலாட்படை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய படைகளில் 61-உம் 63-உம் இருந்தன. சாப்பர் கம்பெனி எண் எங்காவது எழுதியிருந்தால், முதல் உலகப்போரின் தொடக்கத்தில் 9 முதல் 15 வரை மெட்ராஸுக்கு, 17 முதல் 22 வரை பம்பாய்க்கு.

பதவியில்தான் குடும்பக் கதைகள் அதிகம் தடுக்கி விழும். மேல் கையில் கீழ்நோக்கிய வி வடிவப் பட்டை ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். இடது முழங்கைக்குக் கீழே மேல்நோக்கிய பட்டை இருந்தால் அது பதவி அல்ல, நன்னடத்தைப் பட்டை. வலது கையின் கீழ்ப்பகுதியில் சின்னஞ்சிறு தலைகீழ் வி வரிசை வெளிநாட்டுச் சேவை ஆண்டுகளைக் காட்டும், 1918-இல் வந்த பழக்கம். இடது கையின் கீழே செங்குத்தான ஒற்றைக் கோடு காயம் பட்டதற்கு. தோளில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் 'தாத்தா லெப்டினன்ட்' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பார்கள். தலைப்பாகை, நாற்பது வயது முகம், மார்பில் இரண்டு வரிசை ரிப்பன் என்றால் அவர் சுபேதார். ஜமேதாருக்கு ஒன்று, சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்குக் கிரீடம். சுபேதார் என்பது குறைந்த பெருமை இல்லை. சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து இருபது வருடம் உழைத்து எட்டும் இடம் அது.

ரிப்பன்கள். எல்லாமே ஏறக்குறைய 32 மி.மீ. அகலம். படத்தில் வேறெதையும் அளக்க இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முதல் உலகப்போருக்குப் போனவரின் வழக்கமான வரிசை மூன்று: ஸ்டார், வார் மெடல், விக்டரி மெடல். ஆர்த்தோ படத்தில் ஸ்டார் ரிப்பனின் சிவப்பு ஓரம் கறுத்து, நீல ஓரம் வெளுத்து, ஒரு பக்கம் மட்டும் இருட்டாகத் தெரியும். வார் மெடலில் நடுவில் அகலமான ஆரஞ்சு கருஞ்சாம்பலாகவும், இரு ஓரத்து நீலம் வெளிறியும் விழும். விக்டரி மெடல் இரட்டை வானவில், நடுச் சிவப்பு மட்டும் கறுத்துத் தெரியும். மூன்றுக்குப் பதில் பின்னிரண்டு மட்டும் இருந்தால் அவர் போர்முனைக்குப் போனது 1916-இலோ அதற்குப் பிறகோ. விக்டரி ரிப்பன் மேல் சின்ன இலை இருந்தால் தளபதியின் அறிக்கையில் பெயர் வந்தவர். இரண்டாம் போர்ப் படங்களில் ஆப்பிரிக்கா ஸ்டார் ரிப்பன் மேல் '8' எண் ஒட்டியிருந்தால் எட்டாம் ஆர்மி, ஜெர்மன் தளபதி ரோமலை எதிர்த்த படை.

மெடல் கையில் இருந்தால் படத்தை வைத்துவிட்டு அதன் விளிம்பைப் பாருங்கள். முதல் போர் மெடல்களில் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் விளிம்பைச் சுற்றிப் பொறித்திருக்கும், ஸ்டாரில் மட்டும் பின்பக்கம். இரண்டாம் போர் மெடல்களிலும் இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் பெயர் உண்டு. டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கும் வீடுகளில்தான் இந்த எழுத்து போய்விடுகிறது. இனியாவது தேய்க்காதீர்கள். முதல் போரின் வார் மெடல் வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் இருந்தால் அவர் சண்டை போட்ட சிப்பாய் இல்லை, தொழிலாளர் படையிலோ துணைப் பணியிலோ போனவர்.

இரண்டாம் போரில் மேல் கையில் தைத்த டிவிஷன் சின்னம் கிடைத்தால் யோகம். மஞ்சளில் கறுப்புப் பூனை 17-ஆம் டிவிஷன், பர்மா. கழுகு 4-ஆம் டிவிஷன், ஆப்பிரிக்காவும் இத்தாலியும். வட்டத்துக்குள் சண்டைச் சேவல் 23. ஸ்பேடு ஏஸ் 25. முக்கோணத்தைத் தாண்டும் புலி 26. குத்துவாள் பிடித்த கை 19. இவை எல்லாம் கறுப்பு வெள்ளையிலும் வடிவத்தாலேயே பிடிபடும்.

இனி தளங்கள்

கூகுள் லென்ஸ். முழுப் படத்தைக் கொடுத்தால் 'முதல் உலகப்போர் பிரிட்டிஷ் சிப்பாய்' என்று எதற்கும் ஒரே பதில் தரும். இணையத்தில் அந்தப் படங்கள்தான் குவிந்து கிடக்கின்றன. தொப்பிச் சின்னத்தை மட்டும், அல்லது தோள் எழுத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் பலன் உண்டு. வரும் முடிவுகளில் பாதி சின்னம் விற்கும் ஏலக் கடைகளாக இருக்கும், அவர்கள் போட்ட பெயரை அப்படியே நம்பக் கூடாது. பழைய சின்னங்களின் நகல்கள் ஏராளமாக விற்பனையில் சுற்றுகின்றன. 5-க்கு 3. அரட்டை ஏ.ஐ.க்களிடம் 'இது எந்த ரெஜிமென்ட்' என்று கேட்காதீர்கள், எதையாவது உறுதியாகச் சொல்லிவிடும். 'இந்தச் சின்னத்தில் என்னென்ன வடிவங்கள் தெரிகின்றன' என்று கேட்டால் சில சமயம் கண்ணுக்குத் தப்பிய கோட்டைச் சுட்டிக்காட்டும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல், அதாவது சிடபிள்யூஜிசி. இலவசம், பதிவு செய்யத் தேவையில்லை, 17 லட்சம் பெயர்கள். ஆனால் போரில் இறந்தவர்கள் மட்டும். இரண்டாம் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள், இறந்தவர்கள் சுமார் 87,000. தாத்தா ஊர் திரும்பிக் கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்தியவர் என்றால் இங்கே தேடுவது நேரச் செலவு. திரும்பாத பெரிய தாத்தா என்றால் இதைப் போல வேறு தளம் இல்லை. இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும்.

தேடுவதில் சில சூட்சுமங்கள். தமிழருக்கு ஒரே பெயர், அதைக் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் போடுங்கள். இனிஷியலை விட்டுவிடுங்கள். 'எந்தப் படை' என்பதில் இந்தியன் என்று வடிகட்டுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் 'கூடுதல் தகவல்' கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். மாவட்டத்தை அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட வேண்டும்: சிங்கிள்புட், டின்னவெல்லி, ட்ரிச்சினோபோலி, டாஞ்சூர், ராம்நாட், நார்த் ஆர்காட். பெயர் எழுத்துக்கூட்டலுக்கு ஓர் உதாரணம். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து தன்னுடன் இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன், ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். அத்தனை புகழ்பெற்றவரின் பெயரே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. முனுசாமிக்கும் பெருமாளுக்கும் எத்தனை விதம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதுதான் பதிவு.

மெசொபொத்தாமியாவில் (இன்றைய இராக்) இறந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்படவே இல்லை, ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும்தான். கல்லில் இல்லை என்பதால் பட்டியலிலும் இருக்காது என்று விட்டுவிட வேண்டாம், தளத்தில் தேடிப் பாருங்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் செய்த சேவைக்காக யாரும் இந்தப் பட்டியலில் வருவதில்லை. மலாயாத் தமிழர் குடும்பங்கள் சிங்கப்பூர், ஈப்போ ஸ்டூடியோ முத்திரை உள்ள 1942–45 படத்தை வைத்துக்கொண்டு இங்கே தேடினால் ஏமாற்றம்தான். அவர்களுக்கு வழி டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. ஆவணங்கள், அதன் 'அபிலேக் படல்' தளத்தில் அட்டவணை பார்க்கலாம். இறந்தவரைத் தேட சிடபிள்யூஜிசிக்கு 5-க்கு 4.5, மற்றபடி 1.

இம்பீரியல் வார் மியூசியம், நேஷனல் ஆர்மி மியூசியம். இவை பெயர் தேடும் இடங்கள் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள். உங்கள் படத்தில் இருக்கும் தொப்பியைப் போல, உருளை வடிவில் உயர்ந்து நிற்கும் சாப்பர்ஸ் தலைக்கவசத்தைப் போல, விளக்கத்தோடு கூடிய படங்கள் இருக்கின்றன. 'மெட்ராஸ் சாப்பர்ஸ்', 'பயனியர்ஸ்', 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இந்திய வீரர்கள் பெயரில்லாமல் 'ஒரு சிப்பாய்' என்றே குறிக்கப்பட்டிருப்பார்கள், அது மனதைக் கொஞ்சம் கீறும். 5-க்கு 4.

லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் மெடல் அட்டைகள். முதல் போர் மட்டும். தேடல் இலவசம், அட்டையை இறக்கக் காசு. இந்தியர்களுக்கு அட்டையில் பெயர், எண், பிரிவு தாண்டிப் பெரிதாக ஒன்றும் இருக்காது. தகப்பன் பெயரோ ஊரோ இல்லாததால், ரெஜிமென்ட் எண் ஏற்கெனவே கையில் இருந்தால் ஒழிய எந்த ராமசாமி என்று சொல்ல முடியாது. 5-க்கு 2. படத்தில் இருப்பவர் சுபேதார் அல்லது ஜமேதார் என்று முடிவானால் கியூவை விட இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கும் பழைய இந்தியன் ஆர்மி லிஸ்டுகள் மேல். முதல் போர்க் காலத்து லிஸ்டில் ஒவ்வொரு படைப்பிரிவின் கீழும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் வரும். இலவசம்.

பஞ்சாபியர்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம். லாகூர் மியூசியத்தில் கிடந்த பதிவேடுகளிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முதல் போர் வீரர்களை ஊர்வாரியாக இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. நமக்கு இருப்பது ஊர்ச் சாவடியிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் பதித்த சலவைக்கல்: இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. எண்ணிக்கை மட்டும், பெயர் கிடையாது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் கல்லை விட ஊர்ப் பெரியவர்களின் வாய்ப் பட்டியல் நம்பகமானது.

காசு வாங்கும் சீருடை நிபுணர்கள். பெரும்பாலும் பிரிட்டனில் இருப்பவர்கள், பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகளில் கரைகண்டவர்கள். இந்தியப் படம் என்றால் பலரும் பஞ்சாபையும் கூர்க்காவையும் தாண்டி வருவதில்லை. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மெட்ராஸ் படைகளின் தலைப்பாகைகளைப் பிரித்துச் சொல்ல முடியுமா? முடிவுக்குக் காரணமாக எந்தச் சின்னத்தைக் கொண்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா? உறுதி, ஊகம் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பீர்களா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வேண்டாம். ராணுவத்தின் சீருடை போலவே இருக்கும் மற்றவற்றையும் அவர்களுக்குத் தெரியாது: 1921-இல் தொடங்கிய மலபார் ஸ்பெஷல் போலீஸ், ரயில்வே, வனத்துறை, கலால், ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் பாதுகாப்பு) வார்டன், சாரணர் மாஸ்டர். 'பட்டாளத் தாத்தா' சாரணர் மாஸ்டராக முடிந்த குடும்பங்கள் உண்டு. அதிலும் தப்பில்லை. 5-க்கு 1.5.

கடைசியாக அஞ்சல் உறை. பிரிவு ஓரளவு உறுதியானதும் எழுத வேண்டிய இடங்கள் இரண்டு: சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ஆவண அலுவலகம், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் மையம். சர்வீஸ் எண் இருந்தால் முதல் வரியிலேயே போடுங்கள், அது இல்லாத கடிதம் பெரும்பாலும் நகராது. பெயர், தகப்பன் பெயர், கிராமம், பழைய தாலுகா, சேர்ந்த வெளியேறிய ஆண்டுகள், வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம் அல்லது பென்ஷன் ஆணையின் நகல், வாரிசுச் சான்று, படத்தின் ஒரு பிரின்ட். அசலை அனுப்பாதீர்கள். எண் தெரியாவிட்டால் முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள். இரண்டாம் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு தரும் மாதாந்திர உதவித்தொகையைப் பாட்டி வாங்கியிருந்தால், அந்தக் கோப்பில் எண்ணும் பிரிவும் எழுதியே இருக்கும். பாட்டியின் வங்கிப் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.